நாலாம் நம்பர் பூத்

முடிச்சூர்ப் பக்கம் பதினெட்டு வருஷமாகக் கட்சியின் வட்டச் செயலாளராக இருந்தவர் குப்புராஜ். எந்தத் தெரு யாருக்கு ஓட்டுப் போடும் என்பதை வாக்காளர் பட்டியலைத் திறக்காமலே சொல்வார். மாநகராட்சித் தேர்தலில் இந்த முறை சீட்டு அவருக்குத்தான் என்று பேச்சு அடிபட்டதும், எட்டு மாதம் முன்பே ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். வார்டில் நாலு பூத்.

"ஏரிக்கரைத் தெரு நம்மளுது. கண்ண மூடிகினு போடுவாங்க. ரெண்டும் மூணும் பாதிக்குப் பாதி. நாலாம் நம்பர், அந்த பிளாட்டுக்காரங்க, அவங்கள வுட்டுடு. ஒருத்தனும் கீழ எறங்கி வந்து ஓட்டு போட மாட்டான்."

"அவங்களுக்கு இங்க ஓட்டே இல்லண்ணா" என்றாள் செல்வமேரி.

முடிச்சூர் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவள் அவள். பிளாட்டுக்காரர்கள் நகலெடுக்கக் கொண்டுவரும் வாக்காளர் அட்டைகளைத் தினமும் பார்த்தவள். குரோம்பேட்டை, அனகாபுத்தூர், மதுரை, தூத்துக்குடி என்று எல்லாம் பழைய முகவரிகள். நாலாம் நம்பர் பூத்தின் பட்டியலிலோ, மனையை விற்றுவிட்டு எப்போதோ போனவர்களின் பெயர்கள். போன தேர்தலில் அங்கே விழுந்தது வெறும் இருநூற்று முப்பத்தோரு ஓட்டு.

"பட்டியல்ல கீறவன் வூட்ட காலி பண்ணிட்டான். வூட்ல கீறவன் பட்டியல்ல இல்ல. அவ்ளோதாண்ணா."

குப்புராஜ் கையை வீசிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். அவள் விடவில்லை. கடை முடிந்ததும் சாயங்காலங்களில் படியேறினாள். முகவரி மாற்றும் படிவங்களை வீடு வீடாக நிரப்பிக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் சிறப்பு முகாம் நடந்த சனி, ஞாயிறுகளில் ஆட்களைத் திரட்டி அழைத்துப் போனாள்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் அக்தர், ஏ.சி. பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர், அவளை நேராகவே கேட்டார். "நீங்க எந்தக் கட்சின்னு எங்களுக்குத் தெரியும். நாங்க உங்களுக்குத்தான் போடுவோம்னு எப்படி நம்பறீங்க?"

"நம்பலயே சார். போடறதும் போடாததும் உங்க இஷ்டம். உங்களுக்கு இங்க ஓட்டு இருந்தாத்தான் எங்காளு இங்க வருவாரு."

பட்டியலில் நானூறு பெயர்கள் புதிதாக ஏறின. செய்தி தெரிந்து குப்புராஜ் கொதித்தார். "எதிராளிக்கு நீயே ஓட்டு சேத்துக் குடுத்துகினு கீற, மேரி!"

"நீங்க வந்து பேசுங்க. அப்பறம் யாருக்கு ஓட்டுன்னு பாக்கலாம்."

வேட்புமனு கொடுத்த மறுநாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் வந்தார். கார் நிறுத்துமிடத்தில் அறுபது பேர் இருந்தார்கள். ஒவ்வொரு நவம்பரிலும் மழைவெள்ளத்துக்குப் பயந்து வண்டிகளை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறவர்கள். மேடைப் பேச்சு மாதிரி அவர் ஆரம்பித்ததுமே அக்தர் குறுக்கிட்டார்.

"சார், மழைநீர் வடிகால் எங்க கேட் வரைக்கும் வந்து ரெண்டு வருஷமா அப்படியே நிக்குது. ஏன் நின்னுச்சு? அது மட்டும் சொல்லுங்க."

குப்புராஜ் தொண்டையைச் செருமினார். பக்கத்தில் நின்ற செல்வமேரி மெல்லச் சொன்னாள்: "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்கண்ணா."

அவருக்கு முகம் சிவந்தது.

"தெரியல" என்றார் கடைசியில். "நாளைக்கு உங்கள்ல ரெண்டு பேர் என்கூட வாங்க. இன்ஜினியரையே கேப்போம்."

சொன்னபடி போனார்கள். ரோட்டைக் குறுக்கே வெட்ட இன்னொரு துறையின் அனுமதி வரவில்லை என்பது தெரிந்தது. கடிதம் எந்த மேஜையில் கிடக்கிறது என்பது வரை விசாரித்து, ஒரு தாளில் எழுதி மூன்று பிளாக் லிஃப்டிலும் செல்வமேரி ஒட்டினாள். அதில் கட்சிச் சின்னம் போடவில்லை.

ஓட்டுப்பதிவு அன்று நாலாம் நம்பர் பூத்தில் கட்சி ஏஜெண்டாக உட்கார்ந்தவளும் அவள்தான். ஏழு மணிக்கே வரிசை மாடிப்படி தாண்டி வாசலுக்கு வந்திருந்தது. மாலையில் பட்டியலை மூடும்போது அறுநூற்றுப் பதினோரு டிக் போட்டிருந்தாள்.

எண்ணிக்கை நாளில் முதலில் திறந்தது ஏரிக்கரைத் தெரு. குப்புராஜ் ஐம்பத்திரண்டு ஓட்டுப் பின்தங்கினார். அவர் பிறந்து வளர்ந்த தெரு அது. காது கேளாதவர் போல அதிகாரியைத் திரும்பப் படிக்கச் சொன்னார். மூன்றாவது பூத் முடிந்தபோது பின்னடைவு ஐம்பத்தெட்டானது. எதிர்க்கட்சிக்காரர்கள் வெளியே போன் செய்து மேளத்துக்குச் சொல்லிவிட்டார்கள்.

செல்வமேரி மட்டும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். "இன்னும் ஒண்ணு கீதுண்ணா."

நாலாம் நம்பர் யாருக்கும் மொத்தமாக விழவில்லை. சுயேச்சைகளுக்குக்கூட நூற்றுக்கு மேல் போயிருந்தது. ஆனால் குப்புராஜுக்கு இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு, எதிராளிக்கு இருநூற்றொன்று. முப்பத்தொன்பது ஓட்டு வித்தியாசத்தில் அவர் ஜெயித்தார்.

மாலைகளோடு வெளியே வந்தவருக்குச் சிரிப்பு முழுசாக வரவில்லை. "ஏரிக்கரைக்கு நான் இன்னா கொற வெச்சேன், மேரி?"

"தெரியலண்ணா. நம்ம தெருதானேன்னு நாம அங்க போய் எதுவும் கேட்டதே இல்ல. நாளைக்குக் காலைல போறேன். நீங்களும் வாங்க." பிறகு சொன்னாள்: "அடுத்த தபா இந்த வார்ட லேடீஸுக்கு ஒதுக்குவாங்கன்னு பேசிக்கறாங்க. வந்தா நான் நிக்கறேன்."

அவர் பெரிதாகச் சிரித்தார். "நில்லு. நான் உனக்கு பூத் ஏஜெண்டா ஒக்காந்துக்கறேன்."

அவள் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"நெஜமாவா சொல்ற?"

"நெஜமாத்தாண்ணா. நீங்க எந்த பூத்ல ஒக்காரணும்னுகூட யோசிச்சு வெச்சுட்டேன்."