ஏழரை மில்லிமீட்டர்

“எனக்கு நூத்தி அறுபத்தஞ்சு கிராங்க் வேணும், சார்.”

கேட்டுவிட்டாள். கேட்ட வாய் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம். அந்தப் பட்டறையில் லீவு கேட்கலாம், புது ஷூ கேட்கலாம், தலைவலி என்று பொய் சொல்லி அரை நாள் ஓய்வுகூடக் கேட்கலாம். கிராங்க் மட்டும் கேட்கக் கூடாது. கம்பெனியின் பெண்கள் சைக்கிள் அணியில் சேர்ந்த முதல் நாளே டைம் ஆபீஸ் அக்கா அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். “எது வேணா கேளு. கிராங்க் மட்டும் கேட்டுடாத.” ஏனென்று கேட்டதற்கு, வருகைப் பதிவேட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், “கேக்காதன்னா கேக்காத” என்றாள். அந்த அக்காவும் இதே அணியில் ஓட்டியவள்தான். போன வருடப் பந்தயத்தில் விழுந்தாள். இப்போது அவளுடைய இடது கை தோளுக்கு மேல் எழும்பாது. மேல்தட்டில் இருக்கும் கோப்பு வேண்டுமென்றால் நாற்காலி போட்டு ஏறுவாள்.

பயிற்சியாளர் ஸ்டாப்வாட்ச் கயிற்றை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். அவருக்கு அணியில் எல்லோரும் வைத்திருக்கும் பெயரும் ஸ்டாப்வாட்ச்தான்.

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“யாரும் சொல்லல சார். நானே அளந்தேன். என் கால் நீளத்துக்கு இப்ப இருக்கறது அதிகம்.”

“இன்ஜினியரம்மா அளந்துட்டாங்க” என்றார் அவர், மெக்கானிக் அண்ணனைப் பார்த்து. மெக்கானிக் அண்ணன் சிரிக்க வேண்டிய இடம் இது என்று தெரிந்து சிரித்தான்.

பெடலைத் தாங்கி நிற்கும் கைதான் கிராங்க். அணியின் ஆறு வண்டிக்கும் நூற்று எழுபத்திரண்டரை மில்லிமீட்டர். ஆறடியை எட்டிப் பிடிக்கும் பெண்ணுக்கும் அதுதான், சில்வண்டு என்று எல்லோரும் கூப்பிடும் இவளுக்கும் அதுதான். நெம்புகோல் நீளமாக இருந்தால்தான் பாறை நகரும் என்பது ஸ்டாப்வாட்சின் கட்சி. பாறையின் மேல் உட்கார்ந்திருப்பவளுடைய முழங்கால் என்ன ஆகும் என்பதில் அந்தக் கட்சிக்கு அக்கறை இல்லை.

முழங்கால் வலியோடு அவள் ஒத்துப் போயிருப்பாள். வலியோடு ஒத்துப் போகிற வீட்டில்தான் பிறந்து வளர்ந்தாள். அப்பா வேனில் மூட்டை ஏற்றுகிறவர், அம்மா ஆஸ்பத்திரித் துணிகளுக்கு இஸ்திரி போடுகிறவள். அந்த வீட்டின் முதல் பட்டதாரி மெக்கானிக்கல் படித்துவிட்டு இரண்டு வருடம் வேலை தேடி, கடைசியில் கால் பலத்தால் இந்தக் கம்பெனிக்குள் நுழைந்தாள். பதினோரு மாதமாகத் தற்காலிகம். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தை நேரத்துக்குள் முடித்தால் நிரந்தரம். முடிக்காவிட்டால் பன்னிரண்டாம் மாதம் என்று ஒன்று கிடையாது.

பிரச்சினை போன வாரம் வந்தது. பந்தயம் நடக்கப்போகும் மலைச் சரிவில் பயிற்சி. சரிவின் கடைசி வளைவு இடப்பக்கம் திரும்பும். வளைவில் மிதிப்பதை நிறுத்தி, உள்பக்கப் பெடலை மேலே தூக்கி வைத்துக்கொள்வதுதான் உலக வழக்கம். ஸ்டாப்வாட்சின் அணியில் அது கோழைத்தனம். வளைவிலும் மிதிக்க வேண்டும், அதில்தான் இரண்டு விநாடி இருக்கிறது என்பார். அவள் மிதித்தாள். வண்டி இடப்பக்கம் சாய்ந்திருந்தபோது இடது பெடல் கீழே வந்து தார் ரோட்டைத் தட்டியது. சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. தகர டப்பாவை உதைத்தது போல ஒரு ‘டக்’. பின்சக்கரம் ரோட்டை விட்டு எழும்பி, ஒரு சாண் தள்ளிப் போய் உட்கார்ந்தது. அவ்வளவுதான். விழவில்லை. ஆனால் அந்த ஒரு சாணில் தடுப்புச் சுவரின் வெள்ளைப் பூச்சு, அதற்கு அப்பால் இருந்த மரங்களின் உச்சிக் கிளைகள் எல்லாம் அவளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. அன்றிலிருந்து சாப்பிடும்போது கரண்டி தட்டில் பட்டால்கூடச் சாப்பாட்டை அப்படியே தள்ளி வைத்துவிடுகிறாள்.

அந்தப் பயத்தில்தான் கேட்டாள். திட்டு விழும், பெயர் வெட்டப்படும் என்று உடம்பை இறுக்கி நின்றாள்.

“சரி” என்றார் பயிற்சியாளர்.

அவள் தலையைத் தூக்கினாள்.

“குடுத்துடலாம். கிராங்க் மட்டும் ஏன்? முன்னாடி இருக்கற பல்சக்கரத்தையும் மாத்திடலாம். அம்பது பல்லு வெச்சு சரிவுல என்னத்த மிதிக்கறது. அம்பத்தி மூணு போட்டுக்க. நாளைக்கு மதியம் வண்டி ரெடியா இருக்கும். சந்தோஷமா?”

“சந்தோஷம் சார்” என்றாள். சந்தோஷம் வரவில்லை. கேட்டதை அந்த மனுஷன் உடனே கொடுத்து அவள் பார்த்ததில்லை. பேனா கேட்டால்கூட மூடியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு கொடுப்பவர்.

அன்று முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டாள். கொடுக்காவிட்டாலும் பயம், கொடுத்தாலும் பயமா? அம்மாவிடம் சொன்னபோது, “குடுத்தா வாங்கிக்கடி. நோண்டி நோண்டிப் பாக்காத. உனக்கு வாய் நீளம்னு அப்பவே சொன்னேன்” என்றாள். அம்மா கையில் இஸ்திரிச் சூட்டின் பழைய தழும்புகள் வரிசையாக இருந்தன.

வெள்ளிக்கிழமை மதியம் வண்டி ஸ்டாண்டில் தொங்கியது. புதுப் பல்சக்கரம் அப்படி மின்னியது, பார்த்தால் பட்டறையில் மற்றதெல்லாம் அழுக்காகத் தெரிந்தது. அவள் முறையாகப் பார்த்தாள். பெரிய சக்கரத்துக்கு ஏற்ப முன் கியர் மாற்றியை உயர்த்திப் பொருத்தியிருந்தார்கள். செயினில் கண்ணி சேர்த்திருந்தார்கள். முன்னும் பின்னும் பெரிய சக்கரத்திலேயே செயினை மாற்றிப் பார்த்தாள், அப்போதும் அது இழுத்துப் பிடிக்கவில்லை. வலது கிராங்கின் உட்பக்கத்தில் 165 என்று குத்தியிருந்த எண்ணை விரலால் தடவினாள். அதன் முனையில் ஒரு பழைய சிராய்ப்பு இருந்தது, தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தார்கள். புது சாமான் இல்லை. அதனால் என்ன, இரும்புக்கு வயசு பார்த்து யாராவது பெண் கட்டிக் கொடுக்கப் போகிறார்களா.

பார்க்கிங் மைதானத்தில் இரண்டு சுற்று ஓட்டினாள். முதல் சுற்றிலேயே ஏதோ இடித்தது. வலது காலுக்கு ஒரு உயரம், இடது காலுக்கு இன்னொரு உயரம். கொத்தனார் அளவு தப்பிக் கட்டிய மாடிப்படியில் ஏறுகிற மாதிரி. ஒவ்வொரு மிதியிலும் இடது இடுப்பு சீட்டை விட்டு ஒரு நூல் கீழே இறங்கியது. புதுப் பழக்கம், சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உன் பயம் காலில் இறங்கிவிட்டது என்றாள். இரண்டாவது சுற்றில், ஆளில்லாத மூலையில், மெதுவாக இடப்பக்கம் சாய்த்து மிதித்தாள்.

டக்.

உடம்பு அவளைக் கேட்காமலேயே பிரேக்கைப் பிடித்தது. ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றாள். நெற்றியிலிருந்து வேர்வை ஹேண்டிலில் சொட்டியது. சின்ன கிராங்க். சின்னது தட்டக் கூடாது. போன வாரம் இதே அளவு சாய்ந்தபோது தட்டியது பெரிய கிராங்க் அல்லவா?

வண்டியை அங்கேயே தலைகீழாகக் கவிழ்த்தாள். இடது கிராங்கின் உட்பக்கத்தில், எண் இருக்க வேண்டிய இடத்தில், கறுப்பு டேப் ஒரு சுற்று. நேர்த்தியாக ஒட்டியிருந்தது. நகத்தால் உரித்தாள்.

172.5.

வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குள் வந்தபோது மெக்கானிக் அண்ணன் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் டேப் துண்டை அவன் முன்னால் மேசையில் ஒட்டினாள்.

அவன் அதைப் பார்த்தான். குழாயை மூடினான்.

“சின்னது வலது பக்கம் மட்டும்தாம்மா ஸ்டோர்ல கெடந்துச்சு. அதுக்கு ஜோடி எப்பவோ மரை தேஞ்சு போச்சு.”

“அப்ப ரெண்டும் பழசே போட வேண்டியதுதானே அண்ணே?”

“சார்தான் போடச் சொன்னாரு.”

“டேப்பும் சார்தான் ஒட்டச் சொன்னாரா?”

அவன் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். “ஏழரை எம்எம்தான் வித்தியாசம். ஓடற வேகத்துல தெரியாதுன்னாரு. அந்த அக்காவுக்குக்கூட முதல்ல தெரியல...” என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பட்டறையில் காற்றடிக்கும் கம்ப்ரசர் தானாக ஓட ஆரம்பித்து, நிரம்பி, நின்றது.

“எந்த அக்கா?”

“நான் ஒண்ணும் சொல்லலம்மா.”

“இந்த வலது கிராங்க்தான் அவங்களுக்கும் போட்டீங்களா? இந்தச் சிராய்ப்பு அவங்க விழுந்ததா?”

“எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு” என்றான் அவன். அது பதில் இல்லை. பதில்தான்.

அக்கா ஏன் கேட்காதே என்றாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கேட்டால் கொடுக்க மாட்டார் என்பதற்காக இல்லை. கேட்டால் கொடுத்துவிடுவார்.

“என்ன இங்க ஏழரையைக் கூட்டிக்கிட்டு இருக்கீங்க?” பயிற்சியாளர் வாசலில் நின்றார். மேசையில் ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்தார். மறைக்கவோ மழுப்பவோ அவருக்குத் தோன்றவே இல்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

“பாத்துட்டியா. சரி, உக்காரு, சொல்றேன்.”

“நிக்கறேன் சார்.”

“உன்ன மெதுவாக்கறது கிராங்க் இல்ல. பயம். அந்தக் கடைசி வளைவுல நீ மிதிக்க மாட்டேங்கற. கிராங்க் சின்னதாயிடுச்சுன்னு நம்பினா மிதிப்ப. மிதிச்சா ரெண்டு செகண்ட். அந்த ரெண்டு செகண்ட்ல நீ பர்மனென்ட். உனக்கு நல்லதுதானே பண்ணியிருக்கேன்?”

“தட்டினா?”

“தட்டாது.”

“இப்பத்தான் தட்டிச்சு சார். பார்க்கிங்ல. நடக்கற வேகத்துல.”

“அது உன் மனசு.”

“மனசுக்கு சத்தம் வருமா சார்?”

மெக்கானிக் அண்ணன் இருமினான். பயிற்சியாளர் அவனைப் பார்த்தார், இருமல் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்கு முழுசாகத் தெரிந்தது. பயந்துகொண்டே போயிருந்தால் அந்த வளைவில் காலை நிறுத்தியிருப்பாள், பின்தங்கியிருப்பாள், உயிரோடு கீழே வந்திருப்பாள். இந்த மின்னும் சக்கரத்தை நம்பிப் போயிருந்தால் மிதித்திருப்பாள். ஐம்பத்து மூன்று பல்லின் வேகத்தில், முழு நம்பிக்கையோடு, அந்த வெள்ளைப் பூச்சுச் சுவரை நோக்கி. இத்தனை நாள் அவளைக் காப்பாற்றியது பயம்தான். அதைத்தான் இந்த ஆள் டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்.

“பிடிக்கலன்னா இறங்கிக்க” என்றார் பயிற்சியாளர், கடிகாரத்தைப் பார்த்தபடி. “ரிசர்வ் பொண்ணு உன் உயரம்தான். சீட்டைக்கூட மாத்த வேணாம். அவளுக்கு இந்த அளவு கிளவு எல்லாம் தெரியாது, ஏறுன்னா ஏறுவா.”

அவர் அதை மிரட்டலாகக்கூடச் சொல்லவில்லை. நாளைய வேலைப் பட்டியலைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அவள் வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் மாட்டினாள். தட்டிலிருந்து ஆலன் கீயை எடுத்தாள். சாவி போல்ட்டின் குழிக்குள் இறங்க மூன்று முறை ஆனது. இடது கிராங்கின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தினாள். நடுவில் இருந்த மூடியைத் திருகும்போது, மறுபக்கச் சக்கரத்தைப் பிடித்திருந்த கை வழுக்கி, அதன் புதுப் பல் அவள் விரல் முட்டியைக் கிழித்தது. ரத்தத்தைக் காற்சட்டையில் தேய்த்துவிட்டு மறுபடி திருகினாள்.

“என்ன பண்ற?”

இடது கிராங்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பெடலோடு கழன்று வந்தது. அதைப் பையில் போட்டாள். பிறகு அந்தப் பக்கம் சுற்றிப் போய், அச்சோடு சேர்ந்திருந்த வலது கிராங்கையும் செயினிலிருந்து விடுவித்து உருவினாள். புதுப் பல்சக்கரம் அதோடு வந்தது. பைக்குள் முழுசாக அடங்காமல் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

“கம்பெனி சாமான் அது. வெளிய கொண்டு போனா திருட்டுன்னு எழுதுவேன்.”

“எழுதுங்க சார். எது எத்தனை நீளம்னு அளவோட எழுதுங்க.”

“வேலை போயிடும், புரியுதா? உங்கப்பன் மறுபடி வந்து என் கால்ல விழுந்தாலும்...”

அப்பா விழுந்திருக்கிறார் என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டாள். மெக்கானிக் அண்ணன் அந்த மேசையின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவளைப் பார்க்காமல்.

“அண்ணே, பந்தயக் கமிட்டி ஆபீஸ்ல வண்டி செக் பண்றவர் அஞ்சு மணி வரைக்கும் இருப்பாருல்ல?”

அவன் பயிற்சியாளரைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்து, இருப்பார் என்பதுபோல மிக லேசாகத் தலையை அசைத்தான். அசைத்தானா, இல்லை அவளுக்குத்தான் அப்படித் தோன்றியதா தெரியவில்லை.

டேப் உரித்த கணத்திலேயே முடிவாகிவிட்டது, கால்களுக்குத்தான் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. சைக்கிள் ஷூவின் அடிக்கட்டை சிமெண்டுத் தரையில் வழுக்கியது. அந்த ஷூவில் யார் நடந்தாலும் வாத்து நடைதான். பின்னால் அவர் யாருக்கோ போன் போட்டு, கேட்டில் செக்யூரிட்டி இருக்கிறானா என்று கேட்பது காதில் விழுந்தது. அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, சுவரைத் தொட்டபடி வாசலைத் தாண்டி, கேட்டை நோக்கி நடந்தாள்.