பூஜையிலிருந்து எடுத்த மிஷின்

மைசூரில் ஆயுத பூஜை என்றால் தெருவில் ஓடுகிற எதுவும் தப்ப முடியாது. சைக்கிளிலிருந்து தண்ணீர் லாரி வரைக்கும் எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டுதான் நிற்கும். மேட்டகள்ளியில் மரம் வெட்டும் தொழில் செய்யும் வேலாயுதத்தின் வீட்டில் அன்று குளித்தது பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கிற மிஷின். முதல் நாளே டேங்க்கை நிரப்பி, ஒட்டியிருந்த மரத்தூளைத் துடைத்து, மணைமேல் ஏற்றிவிட்டார். காலையில் அவரே விபூதிப் பட்டை இழுத்தார். அவரே சந்தனத்தைக் குழைத்து, கைப்பிடி, செயின் மூடி, பெட்ரோல் மூடி என்று ஓரிடம் விடாமல் அப்பினார். சாமி காரியத்தில் அவருக்குக் கை தாராளம்.

அந்த மிஷினை ஆசையாக வாங்கியவன் அவருடைய மகன் தருண்குமார். போன வருஷம் ஒரு சில்வர் ஓக் மரத்தின் உச்சியிலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தான். அவன் மனைவி வினிதா பிறந்த வீட்டுக்குத் திரும்பாமல் இங்கேயே இருந்துவிட்டாள். வேலாயுதத்தோடு மரம் வெட்டுகிற இடங்களுக்கும் போவாள், கயிறு பிடிப்பாள், கிளை இழுத்துப் போடுவாள். மற்ற நாளெல்லாம் அந்த மிஷினைத் தூக்கிக்கொண்டு நடப்பவளே அவள்தான். ஆனால் பூஜையன்று மாமியார் ராணி, "நீ உள்ற இரு கண்ணு. தீபாராதனை ஆனப்பொறம் வந்தாப் போதும். மிஷினை மட்டும் தொட்டுப்போடாத" என்று சொல்லிவிட்டாள். கண்ணு என்று கூப்பிட்டுத்தான் சொன்னாள். வேலாயுதம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாயில் கொழுக்கட்டையோடு நின்றார்.

மத்தியானம் சாப்பிட்ட இலையை எடுக்கிற நேரத்தில் மழைக்கு முந்தின காற்று கிளம்பியது. தெருமுனையில் நின்ற தூங்குமூஞ்சி மரம் இரண்டாகப் பிளந்து, பாதி அப்படியே சாலையில் சாய்ந்தது. அடியில் எதிர்வீட்டு லிங்கப்பனின் ஆட்டோ. இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, சும்மா ஒரு சுற்று சுற்றி வரலாம் என்று அவன் அப்போதுதான் ஏறி உட்கார்ந்திருக்கிறான்.

உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே தகரமும் கிளையுமாகச் சேர்ந்து அவனைக் கவ்விக்கொண்டிருந்தன. தெரு ஆண்கள் எல்லோரும் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள், மரம் அசைந்துகொடுக்கவில்லை. தீயணைப்புக்குப் போன் போட்டார்கள். வருகிறோம் என்றார்கள், ஆனால் தசராக் கூட்டத்தில் பாதிச் சாலைகளைத் திருப்பிவிட்டிருந்தார்கள். லிங்கப்பனின் மனைவி கௌரம்மா நஞ்சன்கூட்டில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். எல்லோரும் வேலாயுதத்தைப் பார்த்தார்கள்.

அவர் வீட்டுக்கு ஓடினார். ராணி பூஜைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, பூசையில வெச்சதை இன்னைக்கு எடுக்கப்படாதுங்க. நாளைக்கு மறுபூசை ஆவோணும். ஏற்கெனவே ஒருத்தனைக் குடுத்துட்டு நிக்கறோம்."

மகன் பேச்சு வந்ததும் வேலாயுதத்துக்குக் கையும் காலும் ஓடவில்லை. ஒரு மனிதன் நசுங்கிக் கிடக்கும்போது இவர் மணையையும் மனைவியையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளறையிலிருந்து வினிதா வந்தாள். மாமியாரைத் தாண்டி, மாலையைக் கழற்றி வைத்து, மிஷினைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"போலாம் மாமா. அங்க மனுசன் சாவறாரு."

சாலையில் மிஷினை வைத்து, மிதித்துப் பிடித்து, பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக்கை இழுத்துவிட்டுக் கயிற்றைச் சுண்டினார். பிடிக்கவில்லை. மறுபடி சுண்டினார். அவசரத்தில் சோக்கைத் தள்ளவும் மறந்து, தோள்பட்டை கழலும் மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தார். மிஷின் செருமக்கூட இல்லை. பின்னாலேயே வந்த ராணி, மெதுவாகத்தான், ஆனால் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"தொடப்படாத கை தொட்டுப்போட்டா அது எப்படி ஓடும்?"

தமிழ் தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள். தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் கன்னடத்தில் சொன்னார்கள். இப்படிப்பட்ட சேதிக்கு மட்டும் மொழி ஒரு தடையாக இருப்பதே இல்லை.

மிஷினுக்குத் தாலி தெரியாது, தீட்டும் தெரியாது. இது வேலாயுதத்துக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் தெரிந்த புத்தி ஒதுங்கிக்கொண்டது, பயம்தான் முன்னால் வந்தது. பிளக் கழற்றும் ஸ்பானரை நீட்டிக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்த வினிதாவிடம், "நீ தள்ளிப் போ. இங்க நிக்காத" என்றார். நல்ல மனிதர்தான் சொன்னார். அதுதான் கொடுமை.

அவள் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். வீட்டுக்குப் போகவில்லை. இலைதழைகளை விலக்கிக்கொண்டு ஆட்டோவுக்குள் நுழைந்து, லிங்கப்பனின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வேலாயுதம் பிளக்கைக் கழற்றினார். பெட்ரோலில் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. சோக்கோடு இழுத்துக்கொண்டே இருந்ததில் உள்ளே வெள்ளமாகப் போயிருக்கிறது. வேட்டியில் துடைத்து, பிளக் இல்லாமலே சில தடவை இழுத்து உள்ளே தேங்கியதை வெளியே தள்ளி, மறுபடி மாட்டி, சோக்கைத் தள்ளிவிட்டுச் சுண்டினார். பிடித்துக்கொண்டது. கூட்டம் மூச்சுவிட்டது. கிளையில் வைத்து விரல் அகலம்கூட அறுத்திருக்கமாட்டார், மிஷின் இழுத்து இழுத்து நின்றுபோனது. மறுபடி சுண்டினார். ஓடியது, நின்றது. மறுபடியும் அதே கதை.

காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. பிளக்கைப் பார்த்தார். முன்பு நனைந்து கிடந்தது இப்போது காய்ந்து கிடந்தது. டேங்க் நிறையப் பெட்ரோல் இருக்கிறது, மேலே மட்டும் ஏறவில்லை. எதற்கும் பார்ப்போம் என்று பெட்ரோல் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

அந்த மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை உண்டு. பெட்ரோல் குறையக் குறையக் காற்று உள்ளே போனால்தான் மிச்சம் மேலே ஏறும். மூடியைப் புரட்டிப் பார்த்தார். துளைக்குள் சந்தனம் இறுகிப்போயிருந்தது. மேலே அவர் விரல் இழுத்த கோடுகூட அழியவில்லை.

அரைஞாண் கயிற்றில் தொங்கிய ஊக்கைப் பிடுங்கித் துளையைக் குத்திவிட்டார். மூடியைத் திருகிக் கயிற்றைச் சுண்டினார். அதற்கப்புறம் மிஷின் நிற்கவே இல்லை. தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தபோது லிங்கப்பனை வெளியே எடுத்துக் கிடத்தியிருந்தார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றுகிற வரைக்கும் அவன் வினிதாவின் கையை விடவில்லை.

விளக்கு வைத்த பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தது. உள்ளே ரத்தம் நிறையப் போய்விட்டதாம். இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் என்று டாக்டர் சொன்னாராம்.

மறுநாள் தசரா ஊர்வலத்துக்குச் சாலைகளை அடைப்பதற்கு முன்பே உடலைக் கொண்டுவந்துவிட்டார்கள். தெருவுக்குள் காரணம் தயாராக இருந்தது: தாலி அறுத்தவள் பூஜையில் கை வைத்தாள், மிஷின் நின்றது, மனிதன் போனான். வேலாயுதத்தை யாரும் குறை சொல்லவில்லை. பாவம், அந்த மனுஷர் என்ன பாடுபட்டார் என்றுதான் சொன்னார்கள். துளையைக் குத்தியது எதற்கென்று யாருக்கும் புரியவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அவர் பேர் கெடாது. ராத்திரி முழுக்க அவர் அதைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தார். நினைத்ததற்கு வெட்கப்பட்டார், வெட்கப்பட்டுக்கொண்டே மறுபடியும் நினைத்தார்.

"நீ வராத வினிதா. அங்க பேச்சு நல்லால்ல" என்றாள் ராணி.

"லிங்கப்பண்ணன் ஒண்ணு சொல்லச் சொன்னாருங்க அத்தை. நான் போயித்தான் ஆவோணும்."

மூன்று பேருமாகப் போனார்கள். எழவு வீட்டில் பெண்கள் வினிதாவுக்கு வழிவிட்டார்கள். மரியாதைக்கு அல்ல, புடவை படக்கூடாது என்று. லிங்கப்பனின் அக்கா எழுந்து, இவள் எதற்கு இங்கே, செய்தது போதாதா என்று கன்னடத்தில் கேட்டாள். வினிதா தலையைக் குனிந்துகொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

வேலாயுதத்தின் கன்னடம் மரத்துக்கு விலை பேசுகிற கன்னடம். அதை வைத்துக்கொண்டே சொன்னார். மிஷினை நிறுத்தியது என் கை என்றார். காற்றுப் போகிற துளையைச் சந்தனத்தால் அடைத்தவன் நான்தான் என்றார். இவள் எடுத்துக் கொடுத்திருக்காவிட்டால் நான் வீட்டிலேயே நின்றிருப்பேன், நேற்றே எனக்குத் தெரியும், சொல்லாமல் இருந்தேன் என்றார்.

லிங்கப்பனின் தம்பி அவர் சட்டையைப் பிடித்தான். யாரோ விலக்கிவிட்டார்கள். ராணி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சுவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள்.

கௌரம்மா வேலாயுதத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வினிதாவைத்தான் பார்த்தாள். "கடைசியில் அவர் என்ன சொன்னார்?" என்று கன்னடத்தில் கேட்டாள், தமிழ் அவளுக்குப் புரியும்.

"வலிக்கலைன்னு உங்ககிட்டச் சொல்லச் சொன்னாருங்கக்கா."

"வலித்ததா?" என்றாள் கௌரம்மா.

தன் புருஷன் விழுந்த அன்று வினிதாவும் இதைத்தான் எல்லோரிடமும் கேட்டாள். இல்லை, இல்லை என்றே எல்லோரும் சொன்னார்கள். ஒருத்தரையும் அவள் நம்பவில்லை.

"வலிச்சுதுங்கக்கா. ரொம்ப வலிச்சுது. நான் கையைப் புடிச்சுட்டே இருந்தேன்."

கௌரம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். அப்போதுதான் கௌரம்மாவுக்கு அழுகை வந்தது. உடலை எடுக்கிற வரைக்கும் அந்தக் கையை விடவில்லை.

எடுத்தபோது தெரு ஆண்கள் எல்லோரும் மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். வேலாயுதத்தை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும். இரண்டு பொத்தான் அறுந்த சட்டையோடு, கூட்டத்துக்குக் கடைசியில் தனியாக நடந்து போனார்.