எந்த ஊர் தாலாட்டு இது?

“நீராவி வால்வு சாவியைக் குடுங்க மாமா.”

என்ன வேண்டுமானாலும் கேள், அந்தச் சாவியை மட்டும் கேட்காதே என்று அப்பா படித்துப் படித்துச் சொல்லித்தான் அவளைச் சோதனைக்கூட வேலைக்கு அனுப்பினார். ஜீன்ஸ் பேன்ட்டுகளின் சாயத்தை என்ஸைம் பொடி போட்டு வெளிற வைக்கும் அந்தச் சலவைப் பட்டறையில், சாவி மேஸ்திரியின் இடுப்பைவிட்டு இறங்கியதில்லை. மேஸ்திரி அவளுடைய அத்தை புருஷன்.

“பட்டம் வாங்கினா சாவியும் வாங்கணுமோ? பொடி தூங்குது. இன்னும் கொஞ்சம் ஆவி விட்டுக் கொதிக்க வெச்சா எழுந்துக்கும். நீ போய் உன் கண்ணாடிக் குழாயைக் கழுவு.”

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. காலையிலிருந்து டிரம்மில் உருண்டும் பேன்ட்டுகள் கருநீலமாகவே கிடந்தன. டிரம்மை ஓட்டுகிறவர் அப்பா. இந்தச் சரக்கு கெட்டால் அவரை நிறுத்திவிடுவேன் என்று முதலாளி சொல்லியாயிற்று.

“வெளிறினது போதும்னா பொடியை எப்படி மாமா தூங்க வைப்பீங்க?”

“கொதிநீர் ஊத்தி. இதுகூடத் தெரியாதா?”

“தூங்க வைக்கவும் கொதிநீர், எழுப்பவும் கொதிநீரா? எந்த ஊர் தாலாட்டு இது?”

பட்டறையே சிரித்தது. அப்பா மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

“அது தூங்கல மாமா, செத்துடுச்சு. குளிர்ல தூங்கும், இளஞ்சூட்டுல எழும், சரிதான். ஆனா என்ஸைமுக்கு உருவம்தான் கை. அந்தக் கையாலதான் சாயம் ஒட்டின பருத்தி நாரைப் பிடிச்சு அறுக்குது. கொதிக்கவிட்டா உருவமே குலைஞ்சிடும். அவிச்ச முட்டையை ஆற வெச்சா பச்சை முட்டையாயிடுமா?”

சொன்னதோடு நிற்கவில்லை. இரண்டு வாளியில் ஒரே அளவு வெதுவெதுப்பான நீர், ஒரே அளவு அமிலம். புளிப்பு கூடினாலும் குறைந்தாலும் என்ஸைம் முரண்டு பிடிக்கும். ஒன்றில் புதுப் பொடி, மற்றதில் கொதிக்கவைத்து ஆற்றிய பொடி. ஒரே பேன்ட்டின் இரண்டு கால்களையும் வெட்டி வாளிக்கு ஒன்றாகப் போட்டு, தோள் கழன்றுவிடும்போல் மாறி மாறி அலசினாள்.

மதியச் சாப்பாடு முடிந்து ஆட்கள் திரும்பியபோது புதுப் பொடியில் கிடந்த கால் வானம் வெளுத்ததுபோல் வெளிறியிருந்தது. மற்றது அப்படியே.

“அப்பா! பாருங்கப்பா!”

அப்பா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். வாயெல்லாம் பல்.

மாமா அவளை ஓரமாகக் கூப்பிட்டார். “சரி, ஆவியை அடைச்சுப் புதுப் பொடி போட்டுடலாம். முதலாளி கேட்டா மட்டும், உங்கப்பன்தான் கை தவறி ஆவியைக் கூட்டிட்டான்னு சொல்லிடு. நமக்குள்ளதானே?”

“மாமா சொல்றதும் ஒருவகையில…” என்று பின்னாலேயே வந்த அப்பா இழுத்தார்.

அவள் இரண்டு கால்களையும் ஈரம் சொட்டச் சொட்டத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“ஏய், எங்கடி போற?” மாமா கத்தினார்.

“முதலாளிகிட்ட.”

திரும்பிப் பார்க்காமல் வெளியேறினாள்.