புதன்கிழமைத் துணிகள்

பெட்டிக்குள் ஆர்டிஸ் படுத்திருந்தாள். பெட்டிக்கு நாலடி தள்ளி, துக்கம் விசாரிக்க வந்த வரிசையையே நிறுத்திவைத்துவிட்டு, கிழவர் வெர்னன் தன் பேன்ட் காலை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரே நிமிஷம் ரோண்டா. இதை மட்டும் பார்த்துச் சொல்லிடு. சிவந்திருக்கா, இல்லையா?"

"வெர்னன் மாமா, எங்க அம்மா செத்துக் கிடக்காங்க."

"தெரியும்மா. தங்கமான மனுஷி. அதனாலதானே இந்தக் காலையும் இழுத்துக்கிட்டு வந்திருக்கேன்."

ரோண்டா குனிந்து பார்த்தாள். பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை, அதுதான் கொடுமை. கட்டைவிரலால் அழுத்தினாள். குழி விழுந்தது.

"உப்பைக் குறைங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். திங்கக்கிழமை கிளினிக்குக்கு வாங்க. இப்ப பேன்டை இறக்குங்க, பாஸ்டர் பார்க்கிறார்."

அவருக்குப் பின்னால் வந்தவள் கட்டிப்பிடித்து அழுதாள், அழுது முடித்த கையோடு தைராய்டு மாத்திரையைக் காலையில் போடுவதா ராத்திரியில் போடுவதா என்று கேட்டாள். அதற்குப் பின்னால் வந்தவன் இருமிக் காட்டினான். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று இவர்கள் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆஸ்ட்ராண்ட் ஊரில் டாக்டர் கிடையாது. ரோண்டாதான் உண்டு, நர்ஸ் வேலைக்கு மேலே படித்து, மருந்து எழுதிக்கொடுக்கும் உரிமை வாங்கிய நர்ஸ். காய்ச்சல், சர்க்கரை, காதுவலி, கால் வீக்கம் எல்லாவற்றுக்கும் அவள்தான்.

கறுப்புச் சட்டையின் பைக்குள் போன் துடித்தது. எடுத்துப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். காலையிலிருந்து இது மூன்றாவது. 'உங்கள் விண்ணப்பம் முழுமையடையவில்லை. இன்று மாலை ஐந்து மணியுடன் சேர்க்கை முடிகிறது.' அன்புடன் என்று கீழே வேறு போட்டிருப்பார்கள்.

அவள் கேட்டது பெரிய ராஜ்யம் ஒன்றுமில்லை. ஏற்கெனவே முதுகலை முடித்தவர்கள் மனநலத்துக்கும் மருந்து எழுத, அதற்கு மேலே ஒரு சான்றிதழ்ப் படிப்பு. பாடமெல்லாம் வீட்டிலிருந்தே படித்துவிடலாம். ஆனால் கூட வைத்துக்கொண்டு தொழில் பழக்க, அந்தத் துறையில் இருக்கும் ஒருவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒருவரையும் மாணவரேதான் தேடிப் பிடிக்க வேண்டும்.

"இது என்னக்கா அநியாயம்?" என்று அவள் தம்பி கர்ட் ஒருநாள் சிரித்தான். "ஓட்டலுக்குச் சாப்பிடப் போனா, சமையக்காரனை நீயே கூட்டிட்டு வான்னு சொல்ற மாதிரியில்ல இருக்கு?"

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. டேல் என்ற ஒருவன் வயிற்றுவலி, வயிற்றுவலி என்று மூன்று முறை அவளிடம் வந்தான். வயிற்றில் ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. எங்கே இருக்கிறது என்றும் தெரிந்தது. ஆனால் அதற்கு வைத்தியம் பார்க்கும் படிப்பு அவளிடம் இல்லை. நகரத்துக்கு எழுதினாள். நாலு மாதம் கழித்து ஒரு தேதி கொடுத்தார்கள். டேல் அதுவரை இருக்கவில்லை. சோளக் கிடங்குக்குள் போய்த் தூக்கு மாட்டிக்கொண்டான். அன்று முடிவெடுத்ததுதான் இந்தப் படிப்பு.

இந்த வட்டாரத்தில் அந்தத் தொழிலில் இருப்பது நார்டன் ஊர் நோரீன் டேட் ஒருத்தர்தான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் கேட்டாள். முடியாது என்றார். பனிக்காலத்தில் கேட்டாள். முடியாது. போன வாரம் நேரிலேயே போய்க் கேட்டாள். "மன்னிக்கணும் ரோண்டா, இப்ப என்னால முடியாது" என்றார், காரணம் சொல்லவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கணுமே.

இதையெல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் அம்மாவிடம் சொல்லிப் புலம்பியதுதான் அவள் செய்த தப்பு. அம்மாவுக்கு இந்தப் படிப்பே பிடிக்காது. "ஏற்கெனவே மருந்து எழுதுறியே, இன்னும் என்ன? மனசு என்ன இருமலா, சிரப் ஊத்திச் சரிபண்ண?" என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தவள். அன்றைக்கு மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, வழக்கத்துக்கு மாறாகப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன்னு சொன்னாங்களா?"

"எங்க சொன்னாங்க! பெரிய மகாராணி."

"அப்படிச் சொல்லாதேடி. அவங்களுக்கு என்ன சங்கடமோ."

"நீ எதுக்கு அவங்களுக்குப் பரிஞ்சு பேசுறே? முன்னே பின்னே பார்த்திருக்கியா?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே அழுக்குப் பனி ஒழுகிக்கொண்டிருந்தது. "கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தடவை கேட்டுப் பாரு."

"வெள்ளிக்கிழமை கடைசி நாள்மா! எங்க பொறுக்கிறது?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஆயிடும்டி."

"உனக்கு என்ன தெரியும்!" என்று ரோண்டா எரிந்து விழுந்தாள். அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது தலையணையைப் பற்றித்தான். மறுநாள் அம்மா போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து, காலில் சேறு அப்ப எல்லோரும் சர்ச் நிலவறைக்குச் சாப்பிட இறங்கியபோது ரோண்டா படியிலேயே நின்றுவிட்டாள். ஒரு மேசை விரிப்பில் அச்சடித்த செர்ரிப் பழங்கள். அடுத்த மேசையில் சூரியகாந்தி. அதற்கடுத்ததில் கோழிக்குஞ்சுகள்.

"கர்ட், என்னடா இது? சாவு வீடா, பிறந்தநாள் விருந்தா?"

"சர்ச்சோட வெள்ளை விரிப்பெல்லாம் குழாய் வெடிச்சு துருக்கறை பிடிச்சுப் போச்சாம். டெலோரஸ் பெரியம்மா ஏதாவது கொண்டு வான்னாங்க. அம்மா அலமாரியைத் திறந்தா மேல சாயுது துணி. அள்ளிட்டு வந்துட்டேன்."

எல்லாம் அம்மா வாங்கிய துணி. அப்பா போனதிலிருந்து ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், புதன்கிழமை மதியம் ஆனால் அம்மா லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு நார்டனுக்குக் காரை எடுத்துவிடுவாள், துணிக்கடைக்கு. சாயங்காலம் இரண்டு மூன்று கெஜம் துணியோடு வருவாள். தைக்க மாட்டாள். வெட்டக்கூட மாட்டாள். மடித்து அலமாரியில் வைப்பாள். "தைக்காத துணி எதுக்கும்மா?" என்று கேட்டுக் கேட்டு ரோண்டாவுக்கு வாய் வலித்துப்போயிற்று. அடைமழையோ, பனிப்புயல் எச்சரிக்கையோ, அந்தப் புதன்கிழமையை மட்டும் அம்மா விட்டதில்லை. ஒரு முறை கார் பள்ளத்தில் சறுக்கி, கர்ட் டிராக்டரில் போய் இழுத்து வந்தான்.

அம்மாவின் அக்கா டெலோரஸ் பன்றி இறைச்சி வைத்த பன்களை அடுக்கிக்கொண்டே செர்ரித் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"நல்ல பருத்தி. நார்டன் கடைச் சரக்குதானே? பாவம், அந்தக் கடையை மூடி ரெண்டு வருஷம் ஆச்சு."

"எந்தக் கடையை?"

"துணிக்கடையைத்தான். இப்ப அங்க செல்போன் விக்கிறான்."

"பெரியம்மா, அம்மா போன மாசம்கூடப் போனாங்களே?"

"போயிருப்பா. உங்க அம்மா என்னைக்கு யார்கிட்ட என்ன சொன்னா?"

ரோண்டா கையிலிருந்த பன்னைக் கீழே வைத்தாள். சரிதான், யோசித்துப் பார்த்தால் இரண்டு வருஷமாகவே அம்மா வெறுங்கையோடுதான் திரும்பினாள். கேட்டால் "ஒண்ணும் பிடிக்கலை" என்பாள். செத்த பிறகும் இந்த மனுஷி ஏதாவது ஒரு இழுபறியை வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள் என்று அவளுக்கு எரிச்சல் பொங்கியது. காப்பியை ஊற்றிக்கொண்டு திரும்பினால், எதிரே நோரீன் டேட் நிற்கிறார்.

சாம்பல் நிறக் கோட்டு, ஈரமான ஷூ. தட்டு எடுக்கவில்லை. ஒரு கையில் காப்பி, இன்னொரு கை செர்ரித் துணியின் மேல். அதன் சுருக்கத்தை மெதுவாக நீவிக்கொண்டிருந்தது அந்தக் கை.

"ரொம்ப வருத்தமா இருக்கு, ரோண்டா."

"வந்ததுக்கு நன்றி." பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"உங்களுக்கு இன்னும் ஆள் வேணுமா? கையெழுத்துக்கு?"

"என்ன, கிண்டலா?"

"இல்லை. இப்ப என்னால முடியும்."

அவ்வளவுதான், ரோண்டாவுக்கு வந்ததே கோபம்! "கிறிஸ்துமஸுக்கு முன்னாடி முடியலை. பனியில முடியலை. போன வாரம் உங்க வாசல்ல வந்து பிச்சைக்காரி மாதிரி நின்னேன், முடியலை. எங்க அம்மாவைப் புதைச்ச அன்னிக்கு முடியுதா? பரிதாபப்பட்டு எனக்கு யாரும் ஒண்ணும் செய்ய வேண்டாம்."

பக்கத்து மேசையில் வெர்னன் மெல்லுவதை நிறுத்தினார்.

"பரிதாபம் இல்லை" என்றார் நோரீன். "போன வாரம் நிஜமாவே முடியாது."

"ஏன்?"

நோரீன் காப்பியைப் பார்த்தார். ரோண்டாவுக்குத் தெரிந்த மௌனம் அது. டேலின் பெண்டாட்டி எதுக்கு உங்கிட்ட வந்தா என்று மளிகைக்கடையில் யாராவது கேட்டால், சூப் டப்பாவின் விலையைப் பார்ப்பதுபோல் அவளே நிற்கும் மௌனம்.

"சரி" என்றாள், குரல் கொஞ்சம் இறங்கி. "எந்த நாள் வரணும்?"

"புதன்கிழமை. மதியம் ஒரு மணிக்கு." நோரீன் செர்ரித் துணியின் ஓரத்தை நேராக இழுத்துவிட்டார். "ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், அந்த நேரம் இப்ப காலியா இருக்கு."

ரோண்டாவின் கண் அந்தத் துணிக்குத் திரும்பியது.

லிப்ஸ்டிக். பள்ளத்தில் சறுக்கிய கார். மனசு என்ன இருமலா என்று ஊரைச் சிரிக்கவைத்துவிட்டு, இத்தனை வருஷமும் அம்மா இந்த நோரீனின் அறையில் போய் உட்கார்ந்திருந்தாளா! மகளை மாணவியாகச் சேர்த்தால் அதே அறையில் வந்து உட்காருவாள், நோயாளிகளின் எல்லாப் பதிவையும் திறப்பாள். அதனால் இவர் முடியாது என்றார். ஏன் என்று சொல்லவும் வழியில்லை. அம்மாவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! வேறு ஊரில் வேறு ஆளைத் தேடியிருப்பாளே! சொல்வதைவிடச் செத்துப்போவது சுலபம் என்று நினைத்திருக்கிறாள், அதையே செய்தும் விட்டாள். பாவி. வீம்பு பிடித்த பாவி. தூக்கம் வராத எந்தெந்த ராத்திரிகளின் பாரத்தைத் தூக்கிக்கொண்டு அத்தனை தூரம் ஓட்டிப்போனாளோ, ஒரே ஊரில் நாலு தெரு தள்ளி மகள் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கும்போது. காலையிலிருந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றும் வராத அழுகை, இந்தப் பாழாய்ப்போன செர்ரித் துணிக்கு முன்னால் வந்தது.

"அவங்க..." என்று ஆரம்பித்தாள். "நீங்க சொல்ல மாட்டீங்க."

"சொல்ல முடியாது."

"செத்த பிறகுமா?"

"செத்த பிறகும்தான். உங்களுக்கே தெரியும்."

"தெரியும்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சனியன் பிடிச்ச ரகசியச் சட்டம்."

"நல்ல சட்டம்தான்" என்றார் நோரீன்.

நிலவறையில் போனுக்கு உயிரில்லை. இரண்டு பேரும் கோட்டை மாட்டிக்கொண்டு மேலே போனார்கள். சர்ச் படியில் சிக்னல் ஒரு கோடு, தானியக் கிடங்குப் பக்கம் போனால் இரண்டு கோடு. சேற்றில் கால் புதையப் போனைத் தூக்கிப் பிடித்தபடி அவர்கள் நடந்ததை நிலவறையின் மேல் ஜன்னல் வழியாக ஊரே பார்த்தது. வயலின் ஓரத்தில் ஒருவழியாக இணைப்பு வந்தது. நோரீன் கையுறையைப் பல்லால் கழற்றி, விறைத்த விரலால் திரையில் தன் பெயரை எழுதினார். முதல் முறை ஏற்கவில்லை. "அம்மா சும்மாவா விட்டுடுவாங்க" என்றாள் ரோண்டா. இரண்டாவது முறை ஏற்றுக்கொண்டது.

திரும்பி வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. கர்ட் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தான்.

"ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"அப்பாடா. இன்னிக்கு வெள்ளிக்கிழமைதானே?" என்றவன், சூரியகாந்தித் துணியை உருட்டிக் கக்கத்தில் செருகினான். "ஏன்க்கா, கடையே இல்லைன்னா அம்மா புதன்கிழமை எங்கதான் போனாங்க?"

ரோண்டா அந்தத் துணியை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டாள். ஓரத்தில் கடைச் சீட்டைக் குத்திய குண்டூசி அப்படியே இருந்தது.

"துணி வாங்கத்தான்."

"அதான் கடையை மூடிட்டாங்களே!"

"வேற கடை ஏதாவது இருந்திருக்கும்டா."

அவள் ரொட்டித் துகளை உதறி, அம்மா மடிக்கிற மாதிரி முனைக்கு முனை பொருத்தி, துணியை மடிக்க ஆரம்பித்தாள்.