மேலே போகும்போது எடை எவ்வளவு?

புத்தகம் தப்பு என்று சிஸ்டர் முடிவு கட்டிவிட்டாள். அதோடு விட்டாளா? கடைசிப் பக்கத்து விடையின் மேல் ஒற்றைக் கோடு கிழித்து, பக்கத்தில் ‘அதிகமாகும்’ என்று எழுதி, கீழே சின்னதாகக் கையெழுத்தும் போட்டாள். வார்டில் நோயாளியின் சார்ட்டில் பிழை வந்தால் அப்படித்தான் திருத்த வேண்டும். அழிக்கக் கூடாது, கோடு, கையெழுத்து, அவ்வளவுதான். பாவம், பள்ளிக்கூட இயற்பியல் புத்தகத்துக்கும் அதே வைத்தியம் நடந்தது.

கணக்கு இதுதான். ஒருவர் லிஃப்டுக்குள் எடை மெஷின் மேல் நிற்கிறார். லிஃப்ட் ஒரே சீரான வேகத்தில் மேலே போகிறது. மெஷின் எவ்வளவு காட்டும்? அவருடைய வழக்கமான எடைதான், ஏறாது, குறையாது என்கிறது புத்தகம். அதெப்படி? தினமும் ஆட்களைத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறவளிடமா இந்தக் கதை? மேலே தூக்கினால் கனக்கும். அவள் இடுப்பே சாட்சி.

“ஏம்மா, புஸ்தகம் எழுதினவரை விட நீ பெரிய ஆளா?” என்றார் வீட்டுக்காரர், துணி மடித்துக்கொண்டே.

“எழுதினவர் என்னைக்காவது ஒரு ஆளைத் தூக்கியிருப்பாரா, கேளுங்க.”

வாய் பேசியதே தவிர, புத்தகத்தை மூடி வைக்க முடியவில்லை. புற்றுநோய்க்காரர்களைக் கதிர்வீச்சு அறைக்கு அழைத்துப் போவது அவள் வேலை. ஆனால் கதவு வரைக்கும்தான். கதவு மூடியதும் உள்ளே அவர்களுக்கு என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது; அவர்கள் கேட்டால் சொல்லவும் தெரியாது. அதைக் கற்றுத் தரும் கதிர்வீச்சு சிகிச்சை மேற்படிப்பில் இப்போது இடம் கிடைத்திருக்கிறது, ஒரு நிபந்தனையோடு. பள்ளி இயற்பியலில் ஒரு தேர்வு. தேறாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அவளோ பத்தாம் வகுப்போடு இயற்பியலைத் தலைமுழுகியவள். இந்த ஒரு கணக்கைத் தாண்டாமல் அடுத்த பாடத்துக்குப் போக மனசு வரவில்லை. பிடிவாதம், பிறவிக் குணம்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வார்டு எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குள் நுழைந்தாள்.

“என்ன சிஸ்டர், லிஃப்டுக்கு எடை பாக்கப் போறீங்களா?” என்றார் லிஃப்ட் அண்ணன்.

“எனக்குத்தான் அண்ணே. நடுவுல எங்கயும் நிக்காம மேல் மாடிக்கு விடுங்க.”

“சாப்பிட்டதும் எடை பாக்காதீங்க. வருத்தம்தான் மிஞ்சும்.”

லிஃப்ட் கிளம்பியது. முள் துள்ளி ஏறியது. “பாத்தீங்களா அண்ணே, ஏறுது!” என்று கத்தியே விட்டாள். புத்தகத்தை ஜெயித்த சந்தோஷம் ஒரு மாடிகூட நீடிக்கவில்லை. முள் இறங்கிப் பழைய இடத்துக்கே வந்து, பசை போட்டு ஒட்டியது மாதிரி நின்றது.

“அண்ணே, நின்னுட்டோமா?”

“இல்லியே சிஸ்டர். போய்க்கிட்டுதான் இருக்கோம்.”

அவள் குனிந்தபடியே இருந்தாள். நோயாளியைத் தூக்கும்போது ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்பார்கள். அந்த ‘மூணு’வில்தான் இடுப்பு பிடுங்கும். கிளம்பிவிட்டால் அப்புறம் அவர் எடைதான், அதற்கு மேல் ஒரு குண்டுமணி கூட இல்லை. தினம் தினம் தூக்கியும் அந்தப் பிடுங்கலை மட்டும்தானே ஞாபகம் வைத்திருந்தாள்! மேல் மாடி நெருங்கியதும் முள் எடைக்கும் கீழே இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தோற்றுப்போய் இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

“அண்ணே, இன்னொரு தடவை.”

“எடை குறையற வரைக்கும் விட மாட்டீங்க போல,” என்று அவர் பொத்தானை அமுக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் தன் திருத்தத்தின் மேலேயே ஒற்றைக் கோடு கிழித்துக் கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “நோயாளி பிழைச்சுக்கிட்டாரா?” என்றார். “பிழைச்சுக்கிட்டார். நர்ஸுதான் இன்னும் பிழைக்கணும்,” என்று அடுத்த பாடத்தைத் திருப்பினாள்.

தேர்வு அன்று அறை கடைசி மாடியில். லிஃப்டுக்குள் அவளைச் சுற்றி எல்லாம் சின்ன வயசுப் பிள்ளைகள், உதடு அசைய எதையோ மனப்பாடம் செய்துகொண்டு. கதவு மூடியது. பாதத்தில் அந்த அழுத்தம் வந்தது. ‘மூணு,’ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். அழுத்தம் விட்டது. மாடி எண்கள் ஒவ்வொன்றாக மாறின. கடைசி எண் வரப்போகும் நேரம், எதிர்பார்த்த இடத்தில், குதிகால்கள் லேசாயின.