முந்நூற்று எண்பது மீட்டர்

அளவையர் தப்பாக அளக்கமாட்டார். இதை அவரே சொல்லுவார், கேட்காதவர்களிடமும் சொல்லுவார். இருபத்திரண்டு வருடமாக நிலம் அளந்து, எல்லைக்கல் நட்டு, அண்ணன் தம்பி சண்டைகளை அரையடி முக்காலடியில் தீர்த்துவைத்த மனிதர். அதனால், பெரிய ராட்டினங்கள் இருக்கும் அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு நான்கு நாள் போவதென்று முடிவானதும், தங்க இடம் பார்க்கும் வேலையை அவர் யாரையும் தொடவிடவில்லை.

மச்சான், அதாவது மனைவியின் தம்பி, முதலிலேயே சொல்லிப் பார்த்தான். அவனும் அதே நாட்களில் மனைவியோடு அங்கே போவதாக இருந்தான்.

"அத்தான், நாங்க பூங்கா வாசலுக்கு எதிர்லயே ஹோட்டல் போட்டிருக்கோம். உங்களுக்கும் ஒரு ரூம் சொல்லிடட்டுமா?"

வாடகை எவ்வளவென்று கேட்டதும் அளவையர் சிரித்தார். அது நல்ல சிரிப்பில்லை. "ராத்திரி தூங்குறதுக்கு இவ்வளவா? இதுல மூணுல ஒரு பங்குக்கு நான் வீடே எடுத்துக் காட்டுறேன், பாரு."

வாயைக் கொடுத்தாகிவிட்டது. அப்புறம் ஆறு வாரம் வீட்டில் வேறு பேச்சில்லை. கணினியில் பூங்காவின் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி ஐந்நூறு மீட்டருக்கு ஒரு வட்டம் போட்டார். வட்டத்துக்கு வெளியே இருந்த வீடுகளை எல்லாம் ஈவிரக்கமில்லாமல் தள்ளினார். "கொஞ்சம் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை, பஸ் வசதி இருக்கான்னு பாருங்க" என்று மனைவி சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவள் மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவள். முழங்கால் வலி எப்போதும் உண்டு. அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

கடைசியில் ஒரு வீடு அகப்பட்டது. மாடியில் இரண்டு அறை, சின்னச் சமையலறை, துணி உலர்த்த மொட்டைமாடி. வீட்டுக்கார அம்மாவிடம் போனில் நாற்பது கேள்வி கேட்டார். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், மெத்தையில் மூட்டைப்பூச்சி உண்டா, கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று எதையும் விடவில்லை. அந்த அம்மாவும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "ஜன்னலைத் திறந்தா ராட்டினம் தெரியுங்க" என்று முடித்தார். அளவையர் வரைபடத்தில் அளந்தார். வீட்டு மாடியிலிருந்து பெரிய ராட்டினத்தின் அடித்தூண் வரை முந்நூற்று எண்பது மீட்டர். மச்சானுக்கு அந்த எண்ணை மட்டும் செய்தியாக அனுப்பினார்.

இந்த வீராப்புக்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. மகளுக்குப் பதின்மூன்று வயது. மாதத்தில் மூன்று வாரம் அளவையர் வெளியூர் முகாமில் கிடப்பார். வீட்டுக்கு வரும்போது மகள் "ம்", "சரி", "தெரியல" என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டு அவரைச் சமாளித்தனுப்புவாள். முன்பெல்லாம் செருப்பைக் கழற்றவிடாமல் கழுத்தைக் கட்டிக்கொள்கிறவள். அது எப்போது நின்றதென்று அவருக்கு நினைவில்லை, நின்றது மட்டும் உறைத்தது. அந்தப் பெண் ஒரு சாயங்காலம் தானாக அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். 'கழுகு' என்று பேர் வைத்த ராட்டின ரயில், தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, முதல் வரிசைல ரெண்டே சீட்டுதான். அதுக்குத் தனி க்யூ. ஒன்பது மணிக்குக் கேட் திறந்ததும் ஓடினாத்தான் கிடைக்கும், அப்புறம் போனா மூணு மணி நேரம் நிக்கணும். நாம ரெண்டு பேரும் போலாமா? நீ வருவியா?"

"வராம?" என்றார் அளவையர். அந்த ஒன்பது மணிக்காகத்தான் அவர் வட்டம் போட்டதெல்லாம்.

போய் இறங்கிய அன்றே ஜன்னலைத் திறந்தார்கள். வீட்டுக்கார அம்மா பொய் சொல்லவில்லை. கழுகு கண்ணெதிரே வளைந்து வளைந்து நின்றது. ஏறியவர்கள் போடும் கூச்சல் அறைக்குள் வந்து விழுந்தது. அளவையர் திரும்பி மனைவியைப் பார்த்த பார்வையில் ஆறு வாரப் பெருமை முழுதும் இருந்தது. மறுநாள் காலை எட்டே முக்காலுக்குத்தான் சாவகாசமாகக் கிளம்பினார்கள். தெருக்கோடி வரை நடந்தார்கள். அங்கே ஒரு சுவர் இருந்தது, இரண்டு ஆள் உயரத்துக்கு, மேலே முள்கம்பியோடு.

"கேட் எங்கப்பா?" என்றாள் மகள்.

கேட் அந்தப் பக்கம் இருந்தது. ஊர் அளவுக்குப் பரந்து கிடந்த பூங்காவின் அந்தக் கோடியில். சுவரை ஒட்டிச் சுற்றிப் போனால் ஏழு கிலோமீட்டர். நடைபாதை கிடையாது. பஸ் என்றால் ஒன்றில் ஏறிப் பாதியில் இறங்கி இன்னொன்று பிடிக்க வேண்டும். முதல் பஸ்ஸே எட்டு மணிக்குத்தான்.

நாற்பது கேள்வி கேட்டவர் வாசல் எந்தப் பக்கம் என்ற ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. அவருடைய தொழில் அப்படி. வேலையில் குறுக்கே சுவர் வந்தால் கதவைத் தட்டி, அடையாள அட்டையைக் காட்டி, உள்ளே புகுந்து அளந்துகொண்டு அந்தப்பக்கமாக வெளியே வருவார். நாய் குரைக்கும், வீட்டுக்காரர் முறைப்பார், ஆனால் வழி விடாமல் யாரும் இருந்ததில்லை. இத்தனை வருடத்தில் எந்தச் சுவரும் அவரை நிறுத்தியதில்லை.

முதல் நாள் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. முதல் வரிசைக்கான க்யூ மூன்றரை மணி நேரம் என்று பலகையில் போட்டிருந்தது. மகள் நிற்கிறேன் என்றாள். "எதுக்கும்மா அநியாயமா நேரத்தை விடணும்? நாளைக்குச் சீக்கிரம் வந்துடலாம்" என்றார் அளவையர். இரண்டாம் நாள் வாடகைக் கார் சொன்னார். அது வருவதற்கே முக்கால் மணி நேரம். வந்த பிறகு, வாகனம் நிறுத்தும் இடத்துக்கு வெளியே பாம்பாக நீண்ட வரிசையில் மாட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் எட்டு மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள். பாதியில் இறங்கிப் பிடிக்க வேண்டிய பஸ் அவர்கள் கண்ணெதிரே கிளம்பிப் போனது. மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். மகள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். அளவையருக்கு எரிச்சல் தலைக்கேறியது. பஸ் மேல் எரிச்சல், சுவர் மேல் எரிச்சல், சுவர் கட்டியவன் மேல் எரிச்சல்.

அன்று சாயங்காலம் மச்சான் பார்க்க வந்தான். ஹோட்டலிலிருந்து வாசலுக்கு எட்டி நடந்தால் இரண்டு நிமிடம் என்பதை அவன் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே அளவையருக்குச் சுருக்கென்றது.

"அத்தான், நாளைக்குக் கடைசி நாள். இன்னைக்கு எல்லாரும் எங்க ரூம்லயே படுத்துக்கலாம். உங்களுக்கு சோபா இருக்கு."

"எனக்கு வீடு இருக்கு."

"இருக்குங்க, யாரு இல்லைன்னா?" மனைவி வெடித்தாள். "மூணு நாளா பஸ் ஸ்டாப்லதான் குடித்தனம் நடத்துறோம். ஒரே ஒரு தடவை, தப்பு நடந்துபோச்சுன்னு சொல்லுங்களேன். வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"

"அளவுல தப்பில்லை. முந்நூத்தி எண்பது மீட்டர். வேணும்னா இப்பவே டேப்பு வெச்சுக் காட்டுறேன்."

மகள் பையில் சட்டையைத் திணித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். "சரிப்பா. அளவு சரிதான்."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அவர் பதிலுக்குக் கத்தியிருப்பார். கோபம் இல்லாததால் என்ன செய்வதென்று தெரியவில்லை. வாசற்படியில் நின்று அவள் கேட்டாள்: "நாளைக்குக் காலைல நேரா க்யூவுக்கு வந்துடுவியா?"

"பார்க்கலாம்" என்றார் அளவையர், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. மூவரும் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே குளித்துத் தயாராகிவிட்டார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தார். எட்டு மணி பஸ்ஸின் ஹாரன் தெருக்கோடியில் கேட்டது. போனால் மச்சான் முன்னால் போய் நிற்க வேண்டும். 'வாங்க அத்தான்' என்று அவன் மரியாதையாக வேறு சொல்லுவான். மாமாவோடு போகட்டுமே, என்னோடுதான் போக வேண்டும் என்று சட்டமா இருக்கிறது என்று சுவரிடம் சொன்னார். பஸ் போன பிறகும் ஒன்பது மணி வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். அதற்கு மேல் வீடு பிடிக்கவில்லை. மொட்டைமாடிக்கு ஏறினார்.

வீட்டுக்கார அம்மா படுக்கை விரிப்புகளை உலர்த்திக்கொண்டிருந்தார். கைப்பிடிச் சுவரில் ஒரு பழைய பைனாகுலர் கயிற்றில் தொங்கியது. "வர்றவங்க பார்க்கட்டும்னு வெச்சிருக்கேன், பாருங்க" என்றார் அந்த அம்மா. அளவையர் வாங்கிக் கண்ணில் வைத்தார். தூரத்தில் நட்ட அளவுகோல்களைப் படித்துப் பழகிய கண்ணுக்குக் கழுகு சட்டென்று பிடிபட்டது. அன்றைய முதல் ரயில் ஏறியது. முன்வரிசையில் யாரோ இரண்டு பையன்கள். அடுத்ததில் ஒரு தம்பதி. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. எதிலும் மகள் இல்லை. அதற்கடுத்த ரயில் உச்சிக்கு வந்து ஒரு நொடி நின்றபோது அந்த மஞ்சள் சட்டையைப் பார்த்தார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை.

ரயில் விழுந்தது. அத்தனை கூச்சலில் அவள் குரல் எதுவென்று அவரால் பிரிக்க முடியவில்லை.

கைப்பேசி அடித்தது. மனைவி.

"என்னங்க, வரலையா நீங்க?"

"அவ ஏன் தனியாப் போறா? உன் தம்பி எங்க?"

"அவன் ஏறத்தான் போனான். 'அது அப்பா சீட்டு'ன்னு விடமாட்டேன்னுட்டா. அப்பா பஸ்ல வந்துட்டிருக்காரு, இப்ப வந்துடுவாருன்னு சொல்லிச் சொல்லிப் பின்னாடி இருக்கிறவங்களை எல்லாம் முன்னாடி விட்டா. அஞ்சு தடவை. அப்புறம் அங்க வேலை பார்க்கிறவங்க, இதுக்கு மேல நிக்கக் கூடாது, ஏறு இல்லாட்டிப் போன்னு ஏத்திவிட்டாங்க."

அளவையர் பைனாகுலரை அப்படியே விட்டார். அது சுவரில் மோதியது. படிகளில் தடதடவென்று இறங்கினார். "அடுத்த பஸ் பத்தே காலுக்குத்தாங்க!" என்று மேலேயிருந்து வீட்டுக்கார அம்மா கூப்பிட்டுச் சொன்னார். வாடகைக் கார்களெல்லாம் இந்நேரம் வாசல் பக்கம்தான் நிற்கும். தெருக்கோடிக்கு வந்து, சுவரை ஒட்டி இடது பக்கம் திரும்பி நடந்தார். காலில் குளியலறைச் செருப்பு. லாரி ஒன்று உரசுவதுபோல் கடந்து போனது.

"கேக்குதா? எங்க இருக்கீங்க?" என்றாள் மனைவி.

"சுவர் ஓரமா நடந்து வர்றேன்."

"ஏழு கிலோமீட்டர்ங்க!"

"தெரியும்." அவருக்கு இப்போதே மூச்சு வாங்கியது. "தப்பு என்னுதுதான். வாசல் எந்தப் பக்கம்னு நான் பார்க்கவே இல்லை. நேத்தே உங்களோட வந்திருக்கணும், வீம்பு பிடிச்சு உக்காந்துட்டேன். அவகிட்ட சொல்லு."



"அதை நீங்களே வந்து சொல்லுங்க. நான் எதையும் சொல்றதா இல்லை" என்றாள் மனைவி. "இறங்குனதும் அவ மறுபடியும் அதே க்யூவுல போய் நின்னுட்டா. இப்ப ரெண்டு மணி நேரம்னு போட்டிருக்கு."

அளவையர் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்கினார்.