கண்ணுக்குள் தேங்கியது

அண்ணனுக்கு ரத்தம் லேசில் உறையாது, பிறவிக் கோளாறு. பலமாகத் தும்மினாலே கண்ணின் வெள்ளை சிவந்துவிடும், பிறகு தானாக வெளுக்கும். அதனால் அந்த வீட்டில் சிவந்த கண்ணைக் கண்டு யாரும் பதறுவதில்லை.

அன்று மதியம் சோஃபாப் பட்டறையில், இழுத்துப் பிடித்த ரப்பர் பட்டை நழுவி அவன் கண்ணில் சுளீரென்று அடித்தது. வீட்டுக்கு வந்தவனை அம்மா வழக்கம்போலப் படுக்கவைத்து, ஐஸைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். "நல்லா அமுக்கிப் பிடிடா."

தங்கைக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவன் வாசலில் நுழைந்தபோதே பார்த்துவிட்டாள். சிவப்பு வெள்ளையில் இல்லை. கருவிழிக்குள், டம்ளரின் அடியில் தேங்கிய சாயம்போலக் கிடந்தது.

"அண்ணா, கண்ணைத் திற."

"இனிமே திறக்கணும்னா டிக்கெட் வாங்கணும்டி."

திறந்தான். தேக்கத்தைக் காணோம்.

"போயிடுச்சு பாரு," என்றாள் அம்மா. "சும்மா குட்டி போட்ட பூனையாட்டம் சுத்தாதே."

தங்கை அடுப்படிக்குப் போனாள், திரும்பினாள், ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். படுக்கவைத்த பாட்டிலில் சாயம் எப்படி அடியில் நிற்கும்?

"அண்ணா, எழுந்து உட்காரு."

"இப்பத்தான்டி கண் அசந்தேன்."

"உட்காருன்னா உட்காரு!" தன் குரலுக்குத் தானே திடுக்கிட்டாள்.

உட்கார்ந்தான். மெல்ல மெல்ல ரத்தம் இறங்கிச் சேர்ந்தது. முன்பு நகக்கீற்றளவு, இப்போது பாதிக் கருவிழி.

"உன் முகம் புகையா தெரியுதுடி," என்றான். இந்தமுறை கேலி இல்லை.

"ஐயோ, நானே அமுக்கச் சொன்னேனே!" அம்மா தலையில் அடித்துக்கொண்டு வண்டி பிடிக்கத் தெருவுக்கு ஓடினாள்.

ரத்தத்தை உறையவைக்கும் மருந்து ஃப்ரிட்ஜில் எப்போதும் இருக்கும். அவனே போட்டுக்கொள்வான். இன்று ஒரு கண் மங்கியதில் ஊசிமுனை நரம்பைத் தேடி விலகிவிலகிப் போனது. கையைத் தங்கையிடம் நீட்டினான். ஊசியைக் கண்டாலே குளியலறைக்குள் தாழ்போட்டுக்கொள்பவள் அவள்.

"எனக்கு வராதுண்ணா."

"கண்ணு போயிடும்டி."

குத்தினாள். குழாயில் ரத்தம் எட்டிப்பார்த்தது, நரம்புதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு மருந்தை மெதுவாக ஏற்றினாள்.

"வலிக்கவே இல்ல," என்றான். "பொய். வலிக்குது."

கண் மருத்துவமனையில், தலையணைகளை அடுக்கி அவனைச் சாய்த்து உட்காரவைத்தார்கள். "கண்ணை அமுக்கவே கூடாது, மட்டமாப் படுக்கவும் கூடாது," என்றார் டாக்டர். "பார்வை எவ்வளவு திரும்பும்னு ரத்தம் கரைஞ்சாதான் தெரியும். புதுசாக் கசியாம இருக்கணும்."

தங்கை வெளியே நடைவழியை நடந்து நடந்து அளந்துகொண்டே இருந்தாள்.

"செருப்புச் சத்தம் தாங்கல, உள்ளே வா," என்று கூப்பிட்டான் அண்ணன். முழங்கையிலிருந்த பஞ்சை எடுத்துக் காட்டினான். "நீ குத்தின இடம். பாரு."

குனிந்து பார்த்தாள். ரத்தம் உறைந்து காய்ந்திருந்தது.